சேம அச்சும் லொக் புத்தகமும்

கொழும்பு மாநகரிலே தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் இரண்டைச் சிறப்பாகக் கூறலாம். ஒன்று தெற்கே காலி வீதியை ஒட்டிக் கிடக்கும் வெள்ளவத்தை. மற்றொன்று வடக்கே துறைமுகத்தை அடுத்திருக்கும் கொட்டாஞ்சேனை. வாழ்க்கை முறையிலும் தொழிலிலும் வேறுபட்ட இவ்விரு பகுதிகளுக்கும் பொதுவான காட்சியொன்று உண்டு. இரவானதும் வெள்ளவத்தையில் யாழ்ப்பாணம் செல்லும் பஸ்கள் வந்து நிற்கும். கொட்டாஞ்சேனையை அடுத்த ஆமர் வீதியிலும் புறக்கோட்டையிலும் லொறிகள் சரக்கேற்றிப் படங்கு கட்டிப் புறப்பட ஆயத்தமாகும். புறப்படுமுன் அனுபவமுள்ள சாரதி தம் வண்டியை ஒருமுறை சுற்றி வருவார். ரயரைத் தட்டிப் பார்ப்பார். கீழே குனிந்து எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று நோக்குவார். விளக்குகளை எரித்துப் பார்க்கும்படி கிளீனருக்குக் கூறுவார். பின்னர் எலுமிச்சம்பழம் ஒன்றைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்கி வண்டியை எடுப்பார்.

இவ்வளவு சிறிய செயலுக்கு வரலாறும் உண்டோ என்று நீங்கள் வினவக்கூடும். உண்டு. அது மிகப் பழைய வரலாறு. வண்டியைப் பார்ப்பது எப்பொழுது தொடங்கியது, பார்த்ததை எழுதுவது எப்பொழுது வந்தது, எழுதுவதற்கு ஏன் தேவை ஏற்பட்டது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிலே சங்க காலத்துக்குச் செல்வோம். கடற்கரையில் விளைந்த உப்பை மாட்டுவண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றவர்கள் உமணர் எனப்பட்டனர். புறநானூற்றிலே ஔவையார் பாடிய பாட்டொன்று இவர்களுடைய வழக்கமொன்றைக் காட்டுகின்றது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்று முன்னரே எண்ணி, வண்டியின் அடியிலே வேறோர் அச்சையும் கட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே புறப்படுமுன் ஆயத்தம் செய்தல் நம் முன்னோரின் தொழில் அறிவாக இருந்தது என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இன்று லொறியின் அடியில் தொங்கும் மேலதிகச் சக்கரம் அந்தச் சேம அச்சின் வழித்தோன்றலே. வள்ளுவரும் வண்டியை மறந்தாரல்லர். மயிலிறகேயாயினும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று அவர் எச்சரித்தது அரசருக்குக் கூறிய அரசியல் நீதியாயினும், அதன் உவமை வண்டிக்காரரின் அனுபவத்திலிருந்து பிறந்ததன்றோ!

உமணர் தம் வண்டியைத் தாமே ஓட்டினர். அச்சு முறிந்தால் இழப்பு அவர்களுடையது. உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் அதுவும் அவர்களுடையதே. ஆகவே அவர்கள் பார்த்ததை எவருக்கும் எழுதிக் காட்ட வேண்டிய தேவை எழவில்லை. இதனை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். உடைமையாளரும் ஓட்டுபவரும் ஒருவராக இருக்கும்வரை கண்ணும் கையும் போதும், ஏடு வேண்டியதில்லை.

இலங்கையின் மாட்டுவண்டிக் காலமும் பெரும்பாலும் இத்தகையதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மலைநாட்டுக் கோப்பி பெரும்பாலும் மாட்டுவண்டிகளிலேயே கொழும்புக்கு இறங்கியது. கண்டிக்குப் புகையிரதப் பாதை 1867ஆம் ஆண்டு எட்டும் வரையும் கடுகண்ணாவைக் கணவாய் வழியாக வண்டிகள் தொடராக வந்துகொண்டிருந்தன. மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்குக் கடையாணியே உயிர். அது கழன்றால் சக்கரம் தனியே ஓடிவிடும். வண்டிக்காரர் அதிகாலையில் எழுந்து கடையாணியைத் தட்டி இறுக்கி, அச்சுக்கு வண்டி மை இட்டு, சக்கரத்தின் இரும்புப் பட்டா தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, மாட்டின் குளம்பையும் தூக்கிப் பார்த்தே நுகத்திற் பூட்டுவார். இவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாக வந்தது.

எழுதும் வழக்கம் தரையிலே பிறக்கவில்லை, கடலிலேயே பிறந்தது. கொட்டாஞ்சேனையின் உயர்ந்த இடங்களிலிருந்து நோக்கினால் தெரியும் துறைமுகம் இதற்குத் தக்க சாட்சி. 1875ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885ஆம் ஆண்டில் தென்மேற்கு அணை நிறைவெய்தியது. அதன் பின்னர் உலகத்தின் கப்பல்கள் பல கொழும்பை நாடின. ஒவ்வொரு கப்பலிலும் ஒரு குறிப்பேடு இருந்தது. பழங்காலத்திலே கப்பலின் வேகத்தை அளப்பதற்கு முடிச்சிட்ட கயிற்றிற் கட்டிய மரத்துண்டொன்றைக் கடலில் எறிவார்கள். ஆங்கிலத்திலே மரத்துண்டுக்குரிய பெயர் லொக். அந்த அளவை எழுதிவைத்த புத்தகம் லொக் புத்தகமாயிற்று. இன்று எங்கள் லொறிச் சாரதிகள் வாயில் வழங்கும் லொக் புத்தகம் என்னும் சொல் கடலிலிருந்து கரையேறியதேயாகும்.

கப்பலிலே எழுத்து ஏன் வேண்டியதாயிற்று? கப்பலின் சொந்தக்காரர் இலண்டனில் இருந்தார்; கப்பல் கடலில் இருந்தது. உடைமையும் ஓட்டமும் அங்கே பிரிந்துவிட்டன. நடந்தது யாது என்பதைச் சொந்தக்காரரும் காப்புறுதி செய்தவரும் நீதிமன்றமும் அறிவதற்கு ஏடு வேண்டியிருந்தது. ஆனால் ஏடு மட்டும் மாலுமியைக் காக்கவில்லை. பழுதான கப்பலில், அளவுக்கு மீறிய பாரத்துடன், கடலுக்குச் செல்ல மறுத்த மாலுமிகள் ஒப்பந்தத்தை மீறியவர்களாகக் கருதப்பட்டுச் சிறைக்கு அனுப்பப்பட்ட காலம் அது. சாமுவேல் பிலிம்சோல் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் இதனை எதிர்த்து இடையறாது போராடினார். அதன் பயனாக 1876ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம் கப்பலின் பக்கத்திலே பாரக்கோடு ஒன்றைத் தீட்டவேண்டுமென விதித்தது. அக்கோடு எங்கே இருக்கவேண்டும் என்பதைச் சட்டம் நிர்ணயிக்கப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. எனினும், புறப்படுமுன் செய்யும் சோதனை சொந்தக்காரரின் விருப்பத்துக்கு உட்பட்டதன்று, பொதுநலன் சார்ந்தது என்னும் எண்ணம் அப்போதே வேரூன்றிவிட்டது.

இனி மோட்டார் வண்டியின் காலத்துக்கு வருவோம். இலங்கைக்கு முதல் மோட்டார் கார் 1902ஆம் ஆண்டில் வந்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் லொறிகளும் பஸ்களும் பெருகின. மாட்டுவண்டி முறிந்தால் வழியிலே நிற்கும்; லொறியின் பிரேக் முறிந்தால் அது நில்லாது ஓடும். இவ்வேறுபாட்டை அரசு விரைவில் உணர்ந்தது. 1927ஆம் ஆண்டு மோட்டார் கார்ச் சட்டம் பிறந்தது. மறுவருடம் மோட்டார் வாகனப் பதிவாளரின் அலுவலகம் தோன்றியது. 1938ஆம் ஆண்டில் சட்டம் விரிவாகத் திருத்தி இயற்றப்பட்டது. சுதந்திரத்தின் பின்னர் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வந்தது. பல திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது அச்சட்டமேயாகும்.

இச்சட்டங்களின் கீழ் லொறியும் பஸ்ஸும் ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட்டுத் தகுதிச் சான்றிதழ் பெறவேண்டும். அச்சான்றிதழ் இன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. 2008ஆம் ஆண்டின் பின்னர் புகைச் சோதனையும் இவற்றுடன் சேர்ந்துகொண்டது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் நான் ஆசிரியத் தொழிலில் உள்ளவனாதலால் ஓர் ஒப்புமை கூறுவேன். தகுதிச் சான்றிதழ் ஆண்டிறுதிப் பரீட்சை போன்றது. மாணவன் சித்தியடைந்தான் என்று அது கூறும்; இன்று காலை அவன் பாடசாலைக்கு வந்தானா, காய்ச்சலுடன் இருக்கிறானா என்று அது கூறாது. அதற்கு நாள்வரவு இடாப்பு வேண்டும். பங்குனி மாதத்திற் சான்றிதழ் பெற்ற லொறியின் ரயர் ஆவணி மாதத்திற் கிழிந்திருக்கலாம். நேற்று மாலை சரியாயிருந்த பிரேக் எண்ணெய் இன்று காலை ஒழுகியிருக்கலாம். ஆண்டுச் சோதனைக்கும் அன்றாடப் பயணத்துக்கும் இடையிலுள்ள முந்நூற்று அறுபத்து நான்கு நாட்களையும் காப்பது சாரதியின் கண்ணேயன்றி வேறில்லை.

அந்தக் கண் காண்பவை எவை? அறிந்த சாரதி ஒருவர் ஓர் ஒழுங்கின்படியே பார்ப்பார். வண்டி அசையுமுன், இயந்திரம் குளிர்ந்திருக்கையில், எண்ணெய்க் கோலை இழுத்துத் துடைத்து மீண்டும் இட்டு அளவு பார்ப்பார். றேடியேற்றரின் நீரையும், விசிறியைச் சுழற்றும் பட்டியின் இறுக்கத்தையும், பற்றரியின் முனைகளையும் நோக்குவார். பின்னர் வண்டியைச் சுற்றி வருவார். லொறியின் பின்சக்கரங்கள் இரட்டையாக இருப்பவை. உட்சக்கரத்தில் காற்று இறங்கினாலும் வெளிச்சக்கரம் பாரத்தைத் தாங்கி அதனை மறைத்துவிடும். இரண்டுக்கும் இடையிலே கல் செருகியிருப்பதும் உண்டு. ஆதலால் குனிந்து உள்ளே பார்க்கவேண்டும். சக்கரத்து நட்டிலிருந்து துருக்கோடு ஒன்று வழிந்திருந்தால் அந்த நட்டு தளர்ந்துள்ளது என்பதற்கு அது அறிகுறி. காற்றினால் இயங்கும் பிரேக் உள்ள வண்டியாயின் காற்றுத் தாங்கியில் தேங்கிய நீரைத் திறந்துவிட வேண்டும். இயந்திரத்தை இயக்கிக் காற்று நிறைந்தபின் நிறுத்திவிட்டு, எங்கேனும் காற்றுக் கசியும் ஓசை கேட்கிறதா என்று செவிகொடுக்க வேண்டும். புறக்கோட்டையின் நாட்டாமைமார் ஏற்றிய மூட்டைகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றனவா, கயிறு இறுகியிருக்கிறதா என்பதும் சாரதியின் பார்வைக்குரியதே. துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றிச் செல்பவராயின் அதன் நான்கு மூலைப் பூட்டுகளும் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது முதற் கடமை. கடைசியாக, பத்துப் பன்னிரண்டு அடி மெல்ல ஓட்டிப் பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். முழுவதற்கும் கால் மணி நேரம் போதும்.

இந்தக் கால் மணி நேரம் யாருடையது என்பதே வரலாற்றின் அடுத்த கேள்வி.

1930ஆம் ஆண்டுகளிலே கொழும்பு வீதிகளில் தனியார் பஸ்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஓடின. முன்னே ஓடிய பஸ்ஸுக்கே பயணிகள் கிடைத்தனர். இந்நிலையைத் திருத்த 1942ஆம் ஆண்டில் பஸ் சேவை அனுமதிச் சட்டம் இயற்றப்பட்டது, பாதைகள் வகுக்கப்பட்டன, சிறு சொந்தக்காரர் கம்பனிகளாக இணைந்தனர். ஆயினும் முறைப்பாடுகள் ஓயவில்லை. 1948ஆம் ஆண்டின் இரத்தினம் அறிக்கையும், 1954ஆம் ஆண்டின் சன்சோனி அறிக்கையும், 1956ஆம் ஆண்டின் ஜயரத்ன பெரேரா அறிக்கையும் பஸ் சேவையை ஆராய்ந்தன. முடிவிலே 1957ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தின்படி இலங்கைப் போக்குவரத்துச் சபை அமைந்து, 1958 ஜனவரி முதலாந் திகதி தன் சேவையை ஆரம்பித்தது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் மைத்திரிபால சேனநாயக்க அவர்கள்.

சபையின் வரவினால் பஸ்ஸின் நிறம் மாறியது. இலண்டனில் ஓடிப் பழகிய இரட்டைத் தட்டுப் பஸ்கள் காலி வீதியில் வந்தன. இவற்றை எல்லோரும் கண்டனர். கண்ணுக்குத் தெரியாத மாற்றமும் ஒன்று நிகழ்ந்தது. சாரதி மாதச் சம்பளக்காரரானார். பஸ்ஸைப் பழுதென்று கூறி டிப்போவில் நிறுத்தினால் அன்றைய உணவுக்கான பணம் போய்விடும் என்னும் அச்சம் அவரைவிட்டு நீங்கியது. டிப்போவிலே பொறிவல்லுநர் இருந்தனர். வேரஹெரவிலே பெரிய வேலைத்தலம் இருந்தது. குறையைச் சொல்வதற்கு ஓர் இடமும், கேட்பதற்கு ஓர் ஆளும் அமைந்தன. பின்னாளிலே உதிரிப் பாகத் தட்டுப்பாடும் நிர்வாகச் சீர்கேடும் சபையை வாட்டின என்பது உண்மை. ஆயினும் சம்பளத்தையும் சோதனையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தமை சிறிய காரியமன்று.

1970ஆம் ஆண்டுகளின் இறுதியிலே தனியார் பஸ்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்டன. சபையும் பலவாறு பிரிக்கப்பட்டு, 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் போக்குவரத்துச் சபையாக மீண்டும் ஒன்றாக்கப்பட்டது. தனியார் பஸ்ஸிலும் பெரும்பாலான லொறிகளிலும் இன்று சாரதியின் ஊதியம் அன்றைய ஓட்டத்தையே சார்ந்துள்ளது. வண்டி ஓடினால் கூலி, நின்றால் இல்லை. ரயர் தேய்ந்திருப்பதைச் சாரதி காணாமலில்லை. கண்டும் அவர் என் செய்வார்? சொந்தக்காரருக்குத் தொலைபேசியிற் சொல்வார். "இந்த ஒரு ஓட்டம் போய் வாரும், வந்தபின் பார்ப்போம்" என்று விடை வரும். அந்த உரையாடலுக்கு ஏடு இல்லை. விபத்து நேர்ந்தால் வீதியிற் பொலிஸாரின் முன் நிற்பவர் சாரதி ஒருவரே.

ஏடே இல்லையென்று கூறிவிட முடியாது. அரசாங்க வாகனங்களுக்கு நிதிப் பிரமாணம் 1645இன்படி லொக் புத்தகம் உண்டு. 1646இன்படி நாளாந்த ஓட்டப் பதிவு உண்டு. மாத முடிவிலே அதன் சுருக்கம் கணக்காய்வாளர் தலைமை அதிபதிக்குச் செல்லவேண்டும். எத்தனை மைல் ஓடியது, எத்தனை லீற்றர் எரிபொருள் சென்றது, எவர் எக்காரியமாகச் சென்றார் என்பவை அதிலே பதியப்படும். பொதுப் பணத்தைக் காப்பதற்கு இது இன்றியமையாதது. ஆயினும் நாளாந்தப் பதிவு முதன்மையாக நாடுவது எரிபொருட் கணக்கையே, பிரேக்கின் நிலையையன்று. தனியார் லொறியின் குறிப்புப் புத்தகத்திலும் வாடகையும் டீசலுமே முதலிடம் பெறும். பணம் செல்லும் வழியை எழுதக் கற்ற நாம், உயிர் செல்லும் வழியை எழுத இன்னும் முழுமையாகக் கற்றோமில்லை.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கற்றன என்று சற்றே நோக்குவோம். அமெரிக்காவிலே 1935ஆம் ஆண்டு இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. அவ்வாண்டின் மோட்டார்ச் சுமைச் சட்டம் மாநிலங்களுக்கிடையே ஓடும் லொறிகளின் பாதுகாப்பையும் சாரதியின் வேலை நேரத்தையும் மத்திய ஆணைக்குழு ஒன்றின் கீழ்க் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி, போயிங் கம்பனியின் புதிய குண்டுவீச்சு விமானமொன்று ஓஹையோ மாநிலத்திற் சோதனைப் பறப்பின்போது வீழ்ந்தது. விமானத்திற் பழுது இருக்கவில்லை. நிலத்தில் நிற்கும்போது வாற்பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டைத் திறக்காமலே கிளம்பிவிட்டனர். ஓட்டியவரோ மிகத் தேர்ந்த விமானி. தேர்ந்தவரும் மறப்பர் என்பதை அறிந்த விமானிகள் அதன்பின் புறப்படுமுன் படித்துச் சரிபார்க்கும் பட்டியலை அமைத்துக்கொண்டனர்.

லொறிகளைப் பொறுத்தமட்டில் அமெரிக்க விதிகளிலே ஒரு நுட்பம் உண்டு. சாரதி தாம் கண்ட குறையை நாளின் முடிவிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். இரவிலே அதனைத் திருத்தியவர், திருத்தியாயிற்று என்றோ திருத்த வேண்டியதில்லை என்றோ கையொப்பமிட வேண்டும். மறுநாள் வண்டியை எடுப்பவர் அவ்விரண்டையும் படித்துத் தம் கையொப்பத்தை இடவேண்டும். ஆக, காலைச் சோதனை முந்திய மாலையிலேயே தொடங்கிவிடுகின்றது. குறையைக் கண்டவர் ஒருவர், திருத்தியவர் ஒருவர், ஏற்றுக்கொண்டவர் ஒருவர் என்று பொறுப்பு மூவரிடையே பகிரப்படுகின்றது. 1982ஆம் ஆண்டின் சட்டமொன்று, பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுத்த சாரதியை அதற்காக வேலையிலிருந்து நீக்குவதைத் தடை செய்தது. பிலிம்சோல் காலத்து மாலுமிக்குக் கிடைக்காத உரிமை ஒரு நூற்றாண்டு கழித்து லொறிச் சாரதிக்குக் கிடைத்தது.

எழுதுவதிலும் மிகை உண்டு. ஒரு குறையும் இல்லாத நாளிலும் "குறையில்லை" என்று எழுதவேண்டும் என்றிருந்த விதியை, சரக்கு லொறிகளைப் பொறுத்து, அமெரிக்கா 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் நீக்கியது. பிரித்தானியாவோ நாளாந்தம் வண்டியைச் சுற்றிப் பார்த்துக் குறையில்லாதபோதும் குறிப்பதை நல்ல வழக்கமாகவே கருதுகின்றது. குறை பற்றிய அறிக்கைகளைப் பதினைந்து மாதமாவது பேணவேண்டும் என்றும் கூறுகின்றது. இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. நாள்தோறும் எழுதினால் பழக்கம் நிலைக்கும். ஆனால் பார்க்காமலே கையொப்பமிடும் பழக்கமும் அதனுடன் வளரலாம். இடாப்பிலே தலை தூக்காமல் வரவு குறிக்கும் ஆசிரியரை நாம் அறிவோமன்றோ!

எங்கள் நாட்டிலே லொறியும் பஸ்ஸும் வேறொரு வகைச் சோதனையை நெடுங்காலம் அனுபவித்தன. யுத்த காலத்தில் ஏ-9 வீதி மூடியும் திறந்தும் கிடந்தது. 2002ஆம் ஆண்டிற் திறந்து, 2006ஆம் ஆண்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009ஆம் ஆண்டின் பின்னரே படிப்படியாக வழமைக்குத் திரும்பியது. ஓமந்தையிலும் முகமாலையிலும் வண்டிகள் மணிக்கணக்காக நின்றன. அங்கே நிகழ்ந்த சோதனை ஆளையும் சரக்கையும் பற்றியது. வண்டியின் நலத்தைப் பற்றியதன்று. சோதனை என்னும் சொல்லே எங்கள் சாரதிகளுக்குக் கசப்பானதற்கு இதுவும் ஒரு காரணம். சோதனை என்றால் பிறர் தம்மைச் சந்தேகிப்பது என்றே அவர்கள் பொருள்கொள்ளப் பழகிவிட்டனர். தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் செயலுக்கும் அதுவே பெயர் என்பதை மீண்டும் நினைவூட்ட வேண்டியுள்ளது.

இதற்கு எங்கள் வழக்கத்திலேயே இடம் உண்டு. யாழ்ப்பாணம் செல்லும் வண்டி எதுவும் முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமற் செல்வதில்லை. காலி வீதியிலே களுத்துறைப் போதிமரத்தடியில் வண்டிகள் நின்று காணிக்கை இட்டுச் செல்கின்றன. தேங்காய் உடைப்பதற்கு இறங்கும் சாரதி, அந்த ஐந்து நிமிடத்தில் சக்கரத்தையும் தொட்டுச் சூடு பார்த்து, கயிற்றையும் இழுத்துப் பார்ப்பாராயின் வழிபாடும் தொழிலும் ஒன்றையொன்று நிறைவு செய்யும். முதியோர் பலர் அவ்வாறே செய்தனர். எலுமிச்சம்பழம் வைப்பதற்குக் குனியும் கண்ணுக்கு ரயரின் வெடிப்பும் தெரியாமற் போகாது.

அண்மைக் காலத்தின் துயரங்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2023 ஜனவரி 20ஆந் திகதி, கொழும்பிலிருந்து கல்விச் சுற்றுலா சென்ற மாணவர்களின் பஸ், நானுஓயாவை அடுத்த றதெல்ல இறக்கத்திலே வான் ஒன்றுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி ஏழு உயிர்கள் பலியாயின. 2025 மே 11ஆந் திகதி கொத்மலையிலே கெரண்டி எல்லவிற் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்ரெம்பர் 4ஆந் திகதி எல்ல - வெல்லவாய வீதியிலே பதினைந்து பேர் இறந்தனர். இவை பெயரறிந்த துயரங்கள். இவ்வாறு செய்தியாகாதவையும் சேர்த்து ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்நாட்டு வீதிகளில் உயிரிழக்கின்றனர். எல்லாவற்றுக்கும் வண்டியின் பழுதே காரணம் என்று கூறுவது நீதியாகாது. சாரதியின் களைப்பும், வேகமும், வீதியின் அமைப்பும் காரணங்களாகும். எனினும் நீண்ட இறக்கத்திலே பிரேக் சூடேறிப் பிடிமானத்தை இழப்பதும், அதனை முன்னரே உணர்ந்து சிறிய கியரில் இறங்குவதும், புறப்படுமுன் பிரேக்கைப் பார்த்திருப்பதும் மனிதர் கைக்குட்பட்டவை.

பாடசாலை அதிபர் என்னும் முறையிலே ஒன்று சொல்வேன். சுற்றுலாவுக்கு அனுமதி கோரும்போது பஸ்ஸின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளை வாங்கிக் கோவையில் இடுகிறோம். அவை வேண்டியவையே. ஆனால் அவையெல்லாம் கடந்த காலத்தைப் பற்றியவை. பயணம் புறப்படும் காலையின் நிலையைக் கூறும் தாள் ஒன்றும் அக்கோவையில் இல்லை. நாற்பது பெற்றோர் வாயிலில் நின்று கையசைக்கும்போது, பத்து நிமிடம் பிந்தினால் எல்லோரும் முணுமுணுப்பர். அந்தப் பத்து நிமிடத்தைச் சாரதிக்கு மனமுவந்து கொடுப்பது அதிபரின் பொறுப்பு. பெற்றோரின் பொறுப்பும் ஆகும்.

எனவே, இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? உமணர் தம் வண்டிக்குத் தாமே சேம அச்சுக் கட்டினர், எழுத்து வேண்டியிருக்கவில்லை. உடைமையும் ஓட்டமும் பிரிந்தபோது எழுத்து வேண்டியதாயிற்று. ஆனால் எழுத்து மட்டும் வந்து, மறுக்கும் உரிமை வராவிட்டால், அந்த ஏடு சாரதியைக் காக்கும் கேடயமாக அமையாமல் அவர்மேற் பழி சுமத்தும் சாட்சியாக அமைந்துவிடும். "பார்த்தேன், குறையில்லை" என்று கையொப்பமிட்டவர் அவரன்றோ என்று பின்னர் கேட்கப்படும். "குறை உண்டு, எடுக்கமாட்டேன்" என்று எழுதிவிட்டு அன்றைய கூலியையும் பெறக்கூடிய நிலை இருந்தால் மட்டுமே "குறையில்லை" என்னும் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இதற்குப் பெரிய செலவு வேண்டுவதில்லை. ஒற்றை லொறியின் சொந்தக்காரரும் ஒரு ரூல் கொப்பி வாங்கலாம். அதிலே மூன்று நிரல்கள் போதும்: சாரதி கண்டது, திருத்தியவர் செய்தது, அடுத்து எடுப்பவர் ஏற்றது. பஞ்சிகாவத்தையிலே பழைய உதிரிப் பாகம் வாங்கிப் பூட்டினால் அதனையும் திகதியுடன் குறிக்கலாம். முதற் பக்கத்திலே, குறை கண்டு வண்டியை நிறுத்திய நாளுக்கும் கூலி உண்டு என்று சொந்தக்காரர் தம் கையால் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மற்றப் பக்கங்கள் எல்லாம் உண்மை பேசுவது அந்த முதற் பக்கத்தைப் பொறுத்தது.

நேயர்களே, வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களிற் பலர் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். சாரதி கைவிளக்குடன் சக்கரத்தருகே குனிந்திருப்பதைக் கண்டால், "அண்ணே, நேரமாகிறது" என்று அவசரப்படுத்தாதீர்கள். யாழ்ப்பாணம் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தூரத்துக்கும் வேண்டிய கால் மணி நேரத்தையே அவர் அங்கே செலவு செய்கிறார்.